உப்புக் கணக்கு: வரிச்சாவடியிலிருந்து சமையலறை வரை

எங்கள் ஊர் தூத்துக்குடி. என் தகப்பனார் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பாத்தியில் விளைந்து வாரிக் குவித்த உப்பு எத்தனை மூட்டை, எத்தனை லாரி ஏறிற்று, எவ்வளவு மழையில் கரைந்தது என்று நோட்டில் எழுதுவதே அவர் வாழ்நாள் வேலை. நானும் கணக்குப் பார்க்கத்தான் 1978இல் தில்லிக்கு வந்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேரேடுகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஆக, உப்பும் கணக்கும் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் உடம்புக்குள் போன உப்பை மட்டும் நாங்கள் யாரும் கணக்கு எழுதவில்லை.

என் அண்ணன் ஊரிலேயே தங்கிவிட்டான். அவனுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. "உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சொன்னபோது, "உப்பளத்துல பொறந்தவனப் பாத்து உப்பக் குறைக்கச் சொல்லுதாரே இந்த மனுஷன்" என்று சிரித்தானாம். 2011இல் ஒருநாள் விடியற்காலையில் பக்கவாதம். மூன்றாம் நாள் போய்விட்டான். எல்லாவற்றுக்கும் உப்புதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டான், பீடியும் உண்டு. ஆனாலும் அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டே எனக்கும் அதே ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் உப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் அல்லன்; பேரேடு பார்த்த பழக்கத்தில் படித்தவன். அப்படிப் படித்ததில் தெரிந்தவற்றை நம் சங்க மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தமிழரும் உப்பும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சங்க இலக்கியத்தில் வரும் உமணர்கள் வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். உப்பு நெல்லுக்கு ஈடாக விலைபோன பொருள் என்றால், அதை வீட்டில் எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

திருவள்ளுவர் ஊடலுக்கு உவமை சொல்லும்போது உப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார். அளவாக இருந்தால் சுவை, சற்றே மிகுந்தாலும் கெடுதல் என்பது அந்தக் குறளின் கருத்து. கும்பகோணத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு இன்றும் உப்பில்லாமலேதான் நிவேதனம். அந்தப் பிரசாதத்தை வாங்கிச் சாப்பிட்டவர்கள் "உப்பே இல்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னால் வரப்போகும் செய்திக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு: வரிக்காக

ஒரு நாட்டு மக்கள் தலைக்கு எவ்வளவு உப்பு தின்கிறார்கள் என்ற கேள்வியை இந்தியாவில் விடாமல் கேட்டவர்கள் மருத்துவர்கள் அல்லர், வரி வசூலித்தவர்கள். சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு விளைவிப்பவர் அதைக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும், கம்பெனி வைத்த விலைக்கே மக்கள் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. வட இந்தியாவில் உப்புக் கடத்தலைத் தடுக்கச் சுங்க எல்லை ஒன்று போட்டார்கள். 2,000 மைலுக்கு மேல் நீண்ட அந்த எல்லையின் பெரும்பகுதியில் முள்வேலியாகச் செடிகளையும் மரங்களையும் வளர்த்து, ஏறக்குறைய 12,000 பேரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அந்த எல்லை நாம் வாழும் தில்லி வட்டாரத்தையும் தொட்டுச் சென்றது. 1867 முதல் 1870 வரை அதற்கு ஆணையராக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பின்னாளில், 1885இல், இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அதே ஹ்யூம்தான். 1879இல் அந்த வேலி கைவிடப்பட்டது. ஆனால் வரி போகவில்லை. உப்பு உற்பத்தியாகும் இடத்திலேயே வசூலிக்க வழி கிடைத்துவிட்டதால் வேலிக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று.

அதிகாரிகள் கணக்குப் போட்ட முறை எளியது. விற்ற உப்பின் எடையை மக்கள்தொகையால் வகுத்தார்கள். வரியை உயர்த்தும்போது தலைக்கணக்கு சரிந்தால், ஏழை உப்பை விட்டுவிட்டான் என்று ஒரு சாராரும், கள்ள உப்பு பெருகிவிட்டது என்று மறுசாராரும் வாதாடினார்கள். ஓர் ஆளுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்ற விவாதம் அன்று நடந்தது, போதிய உப்பு கிடைக்கிறதா என்ற கவலையில்தான். 1888இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி, 1903 முதல் படிப்படியாகக் குறைந்து 1907இல் ஒரு ரூபாயாயிற்று. 1916இல் ஒன்றேகால் ரூபாய் ஆகி, 1923இல் இரட்டிப்பாகி, மறு ஆண்டே திரும்ப ஒன்றேகாலுக்கு வந்தது. ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1930 மார்ச் 12இல் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தார். ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்குப் புறப்பட்டு, ஏப்ரல் 30இல் உப்பெடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தும் வழியெங்கும் மக்கள் சோறு போட்டார்கள். 1947இல், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னதாக, உப்பு வரி ஒழிந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. ஏழைக்கு உப்பு வேண்டும் என்று நடந்த அதே காந்தி, தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது உப்பையே விட்டுப் பார்த்தவர். கஸ்தூரிபாய் நோயுற்றிருந்த சமயத்தில் உப்பையும் பருப்பையும் விடும்படி இவர் வற்புறுத்த, "உங்களால் முடியுமா?" என்று அம்மையார் கேட்டுவிட்டார். அந்த நிமிஷமே ஓராண்டுக்கு இரண்டையும் விடுவதாகச் சபதம் எடுத்தார். தம் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஏழையின் உப்புக்கு வரி போடுவது அநியாயம், அதற்காக அளவில்லாமல் தின்பதும் சரியல்ல. இரண்டும் ஒரே மனிதரின் கொள்கையாக இருக்க முடிந்திருக்கிறது. இன்று உப்பைக் குறை என்று யாராவது சொன்னால், "காந்தி வாங்கித் தந்த உப்பு" என்று மடக்குபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இரண்டாம் கணக்கு: ரத்தக் குழாய்க்காக

1904இல் பாரிஸில் அம்பார், போஜார் என்ற இரு மருத்துவர்கள் ரத்த அழுத்தம் மிகுந்த சில நோயாளிகளுக்கு உப்பைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறும் குளோரைடை அளந்து, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வரவு செலவு எழுதினார்கள். உப்பு தேங்கினால் அழுத்தம் ஏறுகிறது என்று கண்டார்கள். ஆனால் அக்காலத்தில் அதைப் பலர் ஏற்கவில்லை.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் 1939இல் தொடங்கிய சிகிச்சை நமக்குச் சுவாரஸ்யமானது. அவர் கொடுத்தது அரிசிச் சோறு, பழம், சர்க்கரை. உப்பு அறவே கிடையாது. மொத்த உணவிலும் ஒரு நாளைக்கு ஒரு கிராம் உப்புகூட இல்லை. நல்ல மாத்திரைகள் வராத காலத்தில், பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் சிலருக்கு அழுத்தம் இறங்கி, பார்வைகூடத் திரும்பியது. ஆனால் அந்தப் பத்தியத்தை நெடுநாள் தாங்கியவர்கள் குறைவு. சோறு சாப்பிடுவதால்தான் வியாதி என்று தில்லியில் நம்மைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். குற்றவாளி சோறு அல்ல, சோற்றோடு சேரும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும்.

1960இல் லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஐந்து மக்கள் கூட்டங்களை ஒரு வரைபடத்தில் வைத்தார். ஒரு முனையில் அலாஸ்காவின் எஸ்கிமோக்கள், மறுமுனையில் ஜப்பானின் வடக்கே அகிட்டா என்ற பகுதியின் விவசாயிகள். அகிட்டாவில் நாளொன்றுக்குத் தலைக்கு ஏறக்குறைய 26 கிராம் உப்பு! பனி மூடிய நீண்ட குளிர்காலத்துக்கு உப்பிலிட்ட காய்கறியும் மீனும், மிஸோ என்ற சோயாப் பசைச் சாறும்தான் அவர்கள் சாப்பாடு. உப்பு கூடக் கூட, ரத்த அழுத்த நோயாளிகளின் விகிதமும் ஒரே கோட்டில் ஏறியது. ஐந்து புள்ளிகளை வைத்து உலக நியதி சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு, அது நியாயமான கேள்விதான். எலிகளை வைத்து டால் இன்னொன்றையும் காட்டினார். ஒரே அளவு உப்பு சில எலிகளைக் கொல்கிறது, சிலவற்றை ஒன்றும் செய்வதில்லை. இது பரம்பரையாக வருகிறது. "எங்க தாத்தா உப்பள்ளிப் போட்டுத்தான் தின்னாரு, தொண்ணூறு வயசு இருந்தாரு" என்று நம் வீடுகளில் சொல்வது பொய்யல்ல. ஆனால் பேரன் எந்த எலி என்பது முன்கூட்டித் தெரியாது.

குடுவைக்குள் அகப்பட்ட உண்மை

எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. கரண்டி கணக்கு தெரிந்தாலும் குழம்பில் போட்டது எவ்வளவு, கடைசியில் வீணானது எவ்வளவு, கடையில் வாங்கிய மிக்ஸரில் இருந்தது எவ்வளவு என்று தெரியாது. ஆனால் உடம்பு நேர்மையான கணக்கன். சாப்பிட்ட சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வந்துவிடும். ஆகவே 24 மணி நேரச் சிறுநீரையும் ஒரு சொட்டு விடாமல் சேர்த்து, அதிலுள்ள சோடியத்தை அளப்பதே நம்பகமான முறை.

இந்த முறையை உலக அளவில் நடத்தியது இன்டர்சால்ட் என்ற ஆய்வு. 32 நாடுகள், 52 இடங்கள், 10,079 பேர். எல்லாருடைய சிறுநீர் மாதிரிகளும் பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள ஒரே ஆய்வகத்தில் அளக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து இரண்டு இடங்கள்: லடாக், புதுதில்லி. 1988இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியாயிற்று. பிரேசில் காட்டில் வாழும் யானமாமி மக்களிடம் உப்பு அநேகமாக இல்லவே இல்லை. வடசீனத்தில் ஒரு நாளைக்கு 14 கிராம். உப்பு அறியாத நான்கு தொலைதூர மக்களிடம் அழுத்தம் குறைவு என்பதோடு, வயது ஏறினாலும் அது அவ்வளவாக ஏறவில்லை. "வயசானா பிரஷர் வரத்தானே செய்யும்" என்று நாம் இயற்கை நியதிபோலச் சொல்வது எல்லா மனிதருக்கும் பொருந்தாது என்று இதனால் தெரிந்தது.

விமர்சனமும் எழுந்தது. அந்த நான்கு இடங்களை நீக்கிவிட்டு மற்ற 48ஐ மட்டும் பார்த்தால், உப்புக்கும் சராசரி அழுத்தத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. வயதோடு அழுத்தம் ஏறும் வேகத்தோடு மட்டும் தொடர்பு இருந்தது. 2014இல் வெளியான இன்னொரு பன்னாட்டு ஆய்வு, மிகக் குறைந்த உப்பும் ஆபத்து என்றது. ஆனால் அது காலையில் ஒரே ஒரு தடவை எடுத்த சிறுநீரை வைத்து நாள் முழுவதையும் ஊகித்தது. ஒரு நாள் கல்லாவைப் பார்த்து வருஷக் கணக்கை முடிப்பது போன்றது என்பார் எங்கள் பழைய மேலதிகாரி. விவாதம் ஓயவில்லை. ஆனால் 10, 12 கிராம் தின்பவர் குறைத்துக்கொள்வது நல்லது என்பதில் கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், பிஸ்கட் எல்லாம் சேர்த்து.

குறைத்துக் காட்டிய நாடுகள்

ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மரணத்துக்கு முதல் காரணம் பக்கவாதம். அங்கே நாகானோ என்ற மலை மாகாணத்தில் ஊர்ப் பெண்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போய் மிஸோ சாற்றின் உப்பை அளந்து காட்டினார்கள். சாற்றைக் குறை, காய்கறியைக் கூட்டு என்றார்கள். குளிர்பதனப் பெட்டி வந்ததும் உப்பிலிட்டுச் சேமிக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. பிற்பாடு ஜப்பானிலேயே நீண்ட ஆயுளுக்கு நாகானோ பெயர் பெற்றது.

பின்லாந்து, இதய நோயால் ஆண்கள் இளம் வயதில் மடிந்த நாடு. 1972இல் வடக்குக் கரேலியா மாகாணத்தில் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் பெரிய இயக்கம் தொடங்கியது. 1993 முதல் உப்பு மிகுந்த உணவுப் பொட்டலத்தில் "உப்பு அதிகம்" என்று அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளில் நாட்டின் உப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பக்கவாதமும் இதய நோய் மரணமும் பெரிதும் குறைந்தன. அதில் கொழுப்பு, புகை ஆகியவற்றைக் குறைத்ததற்கும் பங்கு உண்டு.

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. அங்கே உப்பில் முக்கால் பங்கு ரொட்டி முதலிய ஆயத்த உணவில் இருந்தது. 1996இல் கிரஹாம் மெக்ரெகர் முதலிய மருத்துவர்கள் உப்புக் குறைப்புக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினர். 2003க்குப் பின் அரசின் உணவுத் தர நிறுவனம் கம்பெனிகளுக்கு இலக்கு வைத்து, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்க வைத்தது. நாக்குக்குத் தெரியவே இல்லை. 24 மணி நேரச் சிறுநீர்க் கணக்கின்படி 2001இல் 9.5 கிராமாக இருந்தது 2011இல் 8.1 கிராமாயிற்று. ஒப்பிலியப்பன் கோயில் பிரசாதத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதன் விளக்கம் இதுதான். நாக்கு பழகிக்கொள்ளும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் பழைய அளவே கரிக்க ஆரம்பித்துவிடும்.

நம் நாட்டுக் கணக்கு

சென்னை நகரில் 1,902 பேரிடம் உணவுப் பழக்கத்தை விசாரித்து 2007இல் வெளியான ஆய்வு, தலைக்கு நாளொன்றுக்கு 8.5 கிராம் என்றது. 24 மணி நேரச் சிறுநீரை அளந்து 2017இல் வெளியான ஆய்வில் தில்லி, ஹரியாணாவில் 8.6 கிராம், ஆந்திரத்தில் 9.5 கிராம். 2017–18இல் நடந்த தேசியக் கணிப்பில் 8 கிராம்; ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. முறைகள் வேறு வேறானாலும் எல்லாக் கணக்கும் 5ஐத் தாண்டித்தான் நிற்கின்றன. தெற்கே இருந்தாலும் வடக்கே வந்தாலும் நாம் தப்பவில்லை.

பிரிட்டன் வைத்தியம் அப்படியே நமக்கு ஒத்துவராது. நம் உப்பின் பெரும்பகுதி கம்பெனியிலிருந்து அல்ல, நம் சமையலறை உப்பு ஜாடியிலிருந்து வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் "ஆஜ் ஸே தோடா கம்", அதாவது இன்றிலிருந்து கொஞ்சம் குறைவாக, என்று ஒரு பிரச்சாரம் நடத்திற்று. நல்ல வாசகம்தான். ஆனால் அதைச் செய்ய வேண்டியது கரண்டி பிடித்த கை.

இன்னொரு வழி, உப்பையே மாற்றுவது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பைச் சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் ஆராய்ந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு மாற்று உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் மாற்று உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைவு. இது 2021இல் வெளியாயிற்று. தெலங்கானா கிராமங்களில் சுமார் 500 ரத்த அழுத்த நோயாளிகளிடம் நடந்த சோதனையிலும் அழுத்தம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டுச் சமையலுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. சில ரத்த அழுத்த மாத்திரைகளோடும் பொட்டாசியம் சேரக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவுகின்றன. முதலாவது, இந்துப்பு நல்லது என்பது. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். இரண்டாவது, உப்பைக் குறைக்க அயோடின் உப்பை விட்டுவிடுவது. 1950களில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்துக் கழுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டினார்கள். அந்தப் பலனை இழக்கக் கூடாது. உப்பின் அளவைத்தான் குறைக்க வேண்டும், அயோடினை அல்ல.

எங்கள் வீட்டுப் பேரேடு

இனி என் சொந்தக் கணக்கு. 2012இல் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் 24 மணி நேரப் பரிசோதனை வேண்டும் என்றேன். அங்கிருந்த பையன் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்து, "அங்கிள், நாளைக் காலை முதல் தடவையை விட்டுவிடுங்கள், அப்புறம் மறுநாள் காலை வரை எல்லாம் இதில்" என்று இந்தியில் விளக்கினான். வீட்டில் என் மனைவி, "இந்த வயசுல இது ஒரு வேலையா? நம்ம வீட்ல உப்பு கம்மிதான், எனக்குத் தெரியாதா?" என்றாள்.

முடிவு வந்தது: 221 மில்லிமோல் சோடியம். 17 மில்லிமோல் ஒரு கிராம் உப்பு என்று வகுத்தால் 13 கிராம். இரண்டு பேருமே நம்பவில்லை. "சோதனை தப்பு" என்றாள் அவள். தணிக்கைப் புத்தி விடுமா? ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வைத்தேன். நான், அவள், மகன், மருமகள் என நான்கு பேர். 24ஆம் நாள் காலியாயிற்று. ஆயிரத்தை நான்காலும் இருபத்து நான்காலும் வகுத்தால் தலைக்குப் பத்து கிராமுக்கு மேல். இதில் கொஞ்சம் பாத்திரத்தோடு போயிருக்கும். ஆனால் ஊரிலிருந்து வரும் எலுமிச்சை ஊறுகாய், வடகம், கருவாடு, சாயங்கால மிக்ஸர் எதுவும் இதில் சேரவில்லை. சோதனையில் தப்பில்லை, கணக்கு எழுதாத நாங்கள்தான் தப்பு.

அவள் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்ணாச்சிக்கும் நாந்தானே வருஷா வருஷம் ஊறுகா போட்டு அனுப்பினேன்" என்றாள். அவள் கையால் போட்ட ஊறுகாய் என்றால் அண்ணனுக்கு உயிர். என்ன பதில் சொல்வது? "அவன் ஆசைப்பட்டுக் கேட்டான், நீ பிரியமா அனுப்பின. அதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றேன். அது உண்மையும்கூட. யாருக்கும் அளவு தெரியாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளே பொட்டலத்தில் தேதி எழுதுகிறாள். சோறு வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்தினாள். மோருக்கு உப்பில்லை. குழம்பில் மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தாள். மகன் கண்டுபிடிக்கவே இல்லை. ஊறுகாய் தினமும் என்பது போய் ஞாயிறு மட்டும் என்றாயிற்று. அப்பளம் விருந்தாளி வந்தால். பொட்டலம் 24 நாளிலிருந்து 37 நாளுக்கு நீண்டது. ஓராண்டு கழித்துத் திரும்பப் பரிசோதித்தபோது 150 மில்லிமோல், அதாவது 9 கிராமுக்குச் சற்றுக் கீழே. 5ஐ நான் இன்னும் எட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் குறைந்தது, மாத்திரையும் தொடர்கிறது. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியவனின் தம்பி நான்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சிறுநீர்ப் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டியதில்லை. பேனா இருந்தால் போதும். அடுத்த உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதி போடுங்கள். தீர்ந்ததும் நாள் எண்ணிக்கையாலும் வீட்டுத் தலை எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் பொட்டலங்களில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. வரும் விடை உங்களை என்னைப் போலவே திடுக்கிட வைத்தால், ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். வீட்டில் சண்டைதான் வரும். மாதத்துக்குக் கொஞ்சம் என்று குறையுங்கள்.

நம் சங்கப் பொங்கல் விருந்தில் இலையின் இடது மூலையில் வைக்கும் உப்பை இந்த ஆண்டு வைக்காமல் விட்டுப் பார்க்கலாமே என்று செயற்குழுவில் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர், "இலையில் உப்பு வைப்பது மரபு, அதை எடுக்கக் கூடாது" என்றார். அவர் சொல்வதும் சரிதான். வைக்கட்டும். அதைத் தொடாமல் எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பான். ஒருவேளை இம்முறை என்னோடு சேர்ந்து தொடாமலும் எழுந்திருப்பான்.